கிண்டியிலிருந்து புறப்பட்ட ஒரு நியாயம்

குதிரையின் மேல் பணம் கட்டுவது தவறா, இல்லையா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி ஐம்பது ஆண்டுகளாகச் சட்டமன்றத்திலும் நீதிமன்றத்திலும் திரும்பத் திரும்ப எழுந்திருக்கிறது. கேள்வி மாறவில்லை, அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள்தான் மாறின. ஒரு செயலைச் சரியென்றும் தவறென்றும் மனிதர்கள் எப்படி நியாயப்படுத்துகிறார்கள் என்று பார்க்க விரும்புகிறவருக்குக் கிண்டி குதிரைப் பந்தய மைதானத்தைப் போல இன்னோர் இடம் சென்னையில் கிடைப்பது அரிது. அரசு, நீதிமன்றம், கிளப், பந்தயம் கட்டுகிறவர், அவருடைய வீட்டார் என எல்லாத் தரப்பும் அங்கே காரணம் சொல்லியிருக்கின்றன. அவற்றில் ஒரு காரணம் மட்டும் மைதானத்தின் சுவரைத் தாண்டி வெளியே போய், அதைச் சொன்னவர்கள் நினைத்தும் பார்க்காத வீடுகளுக்குள் நுழைந்தது.

கிண்டியில் 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே குதிரைகள் ஓடத் தொடங்கின. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-இல் தொடங்கப்பட்டது. 160 ஏக்கர் 86 சென்ட் அரசு நிலம் 1940-களில் 99 ஆண்டுக் குத்தகைக்குக் கிளப்பின் கைக்கு வந்தது. ஆண்டு வாடகை 614 ரூபாய்ச் சொச்சம். அருகிலுள்ள சாலைக்கு இன்றும் ஐந்து ஃபர்லாங் சாலை என்றே பெயர். ஃபர்லாங் என்ற அளவை ஊர் மறந்துவிட்ட பிறகும் பந்தயம் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சூதாட்டத்தைக் குற்றமாக்கிய சட்டங்கள் இங்கே பழையவை. 1888-ஆம் ஆண்டின் சென்னை மாநகரக் காவல் சட்டமும் 1930-ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும் பணம் வைத்து ஆடுவதைத் தடுத்தன. குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் விலக்கு இருந்தது. அந்த விலக்கு எப்படி எழுதப்பட்டிருந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பந்தயம் நடக்கும் அதே நாளில், மைதான வளாகத்துக்குள், அனுமதிக்கப்பட்ட முறையில் கட்டினால் குற்றமில்லை. அதே குதிரையின் மேல் அதே ஆள் அதே பத்து ரூபாயை வேளச்சேரி சாலையில் ஒரு டீக்கடை வாசலில் நின்று கட்டினால் போலீஸ் பிடிக்கும். செயல் ஒன்று; நிற்கும் இடம்தான் வேறு. உள்ளே நின்று கட்டியவர்கள் பெரும்பாலும் வசதியுள்ளவர்கள், வெளியே நின்று கட்டியவர்கள் பெரும்பாலும் கூலிக்காரர்கள் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தச் சுவர் அறத்தையல்ல, வர்க்கத்தையே பிரித்தது என்று எனக்குப் படுகிறது.

1974-இல் கருணாநிதி தலைமையிலான அரசு இந்த விலக்கை ஒழிக்க முன்வந்தது. பந்தயம் குடும்பங்களை அழிக்கிறது, ஆகவே பந்தயமே வேண்டாம் என்றது அந்த ஆண்டுச் சட்டம். தெளிவான அறக் காரணம். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1986-இல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் வந்த சட்டமோ ரேஸ் கிளப்பின் நிறுவனத்தை அரசே கையகப்படுத்த வழிசெய்தது. தவறென்று ஒழிக்க ஒரு சட்டம், நிர்வாகம் சரியில்லை என்று எடுத்துக்கொள்ள ஒரு சட்டம். இரண்டும் ஒரே மைதானத்தைக் குறிவைத்தவை; ஆனால் இரண்டின் நியாயமும் ஒன்றாகச் சேர்ந்து நிற்க முடியாது. ஒரு தொழில் ஒழிக்கப்பட வேண்டிய தீமை என்றால், அதை நல்ல நிர்வாகத்தின் கீழ் கொண்டுவருவதற்கு என்ன பொருள்?

இரண்டு சட்டங்களும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின; அது 1996 ஜனவரி 12 அன்று கிளப்பின் பக்கமே தீர்ப்பளித்தது. டாக்டர் கே.ஆர். லட்சுமணன் எதிர் தமிழ்நாடு அரசு என்ற அந்த வழக்கில் நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: குதிரைப் பந்தயம் பெருமளவில் திறமையைச் சார்ந்த ஆட்டம், அதிர்ஷ்டத்தைச் சார்ந்ததல்ல, ஆகவே அது சூதாட்டம் ஆகாது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் தேர்ச்சி, பணம் கட்டுகிறவர் இவற்றையெல்லாம் எடைபோட்டுப் பார்க்கும் வாய்ப்பு ஆகியவை அதற்கு ஆதாரம்.

இந்த வாதம் அன்றைக்கு முளைத்ததல்ல. 1957-இல் ஆர்.எம்.டி. சமர்பாக்வாலா வழக்குகளில் பரிசுப் போட்டிகளைப் பற்றி உச்ச நீதிமன்றம் பேசியது. தலைமை நீதிபதி எஸ்.ஆர். தாஸ் ரிக் வேதத்திலிருந்தும் மகாபாரதத்திலிருந்தும் சான்று காட்டி, சூதாட்டத்தை வணிகமாகவே கருத முடியாது என்றார். இணை வழக்கில் தீர்ப்பு எழுதியவர் டி.எல். வெங்கடராம ஐயர், சட்டத்தில் பெற்ற பெயருக்கு நிகராகக் கர்நாடக சங்கீதத்திலும் பெயர் பெற்ற சென்னைக்காரர். பரிசுப் போட்டிகளில் திறமை சார்ந்தவை, அதிர்ஷ்டம் சார்ந்தவை என்ற பாகுபாட்டை அவர் தீர்ப்பு நிலைநிறுத்தியது. 1967-இல் ஆந்திர வழக்கொன்றில் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று நீதிமன்றம் சொன்னது. இந்தப் பாதையில்தான் 1996-இல் கிண்டிக் குதிரைகளும் வந்து சேர்ந்தன.

இந்தக் காரணத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சட்டத்துக்குள் அது ஒழுங்காக நிற்கிறது. அறக் கேள்விக்கு அது பதிலா?

முதலில், யாருடைய திறமை? குதிரையின் மேல் உட்கார்ந்திருப்பவருக்குத் திறமை உண்டு, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் திறமை கேலரியில் நிற்பவருடையது ஆகிவிடாது. ஆடுகிறவரின் திறமையே பந்தயம் கட்டுவதைச் சரியாக்கும் என்றால், சேப்பாக்கத்தில் நடக்கும் கிரிக்கெட்டின் மேல் பணம் கட்டுவதும் சரியாக வேண்டும். சட்டம் அதை ஒப்புவதில்லை.

கட்டுகிறவருக்கும் திறமை வேண்டுமே என்பார்கள். உண்மைதான். பந்தயத்துக்கு முதல் நாள் இரவு ரேஸ் புக்கை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரைப் பார்த்தவர்கள் அந்த உழைப்பை மறுக்க மாட்டார்கள். ஒவ்வொரு குதிரைக்கும் முந்தைய ஓட்டங்கள், சுமக்கும் எடை, நிற்கும் கட்ட எண், பயிற்சியாளர், ஜாக்கி எல்லாம் அதில் இருக்கும். பென்சில் குறிகள் பக்கத்தை நிறைத்திருக்கும். ஆனால் அந்த எடை எதற்காக? இந்தியப் பந்தயங்களில் பெரும்பாலானவை ஹேண்டிகேப் பந்தயங்கள். நன்றாக ஓடும் குதிரைக்குக் கூடுதல் எடை, சுமாராக ஓடுவதற்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கோட்டைத் தொட வேண்டும் என்பதே அந்தக் கணக்கின் நோக்கம். முன்கூட்டியே அறிந்துகொள்ள முடிவதை எவ்வளவு முடியுமோ அவ்வளவு அழிக்க அந்த ஏற்பாடே பாடுபடுகிறது. இவ்வளவு பாடுபட்ட பிறகு மிஞ்சுவதைத்தான் திறமையின் களம் என்று அழைக்கிறோம்.

பந்தயப் பணத்தைத் திரட்டிப் பிரித்துத் தரும் டோட்டலைசரில் நடப்பது இன்னும் முக்கியம். கட்டிய பணமெல்லாம் ஒரே தொகையாகச் சேர்கிறது. வரியும் கிளப்பின் பங்கும் கழிகின்றன. மீதி ஜெயித்தவர்களுக்குப் பிரிகிறது. குதிரை யாருக்கும் பணம் தருவதில்லை. ஜெயித்தவர் வாங்குவது பக்கத்தில் நின்றவர் தோற்றதை. இந்த அமைப்பில் திறமை என்ன செய்யும்? விவரம் தெரிந்தவருக்குத் தெரியாதவரின் பணத்தை ஒழுங்காக, வாராவாரம் மாற்றித் தரும். சுத்த அதிர்ஷ்டமாக இருந்தால் நஷ்டமாவது எல்லாருக்கும் மாறி மாறி வரும். திறமை இருப்பதால்தான் அது ஏமாளியின் வீட்டு வாசலையே தேடிப் போகிறது. சட்டம் எதை மன்னிப்புக்குக் காரணமாகக் காட்டுகிறதோ, அதுவே தீங்கைக் கூட்டுகிறது.

நம் மரபு இதை அறிந்திருந்தது. சகுனி அதிர்ஷ்டக்காரன் அல்ல, தேர்ந்த ஆட்டக்காரன். தருமனுக்கு ஆட்டத்தில் ஆசை உண்டு, தேர்ச்சி இல்லை. அஸ்தினாபுரத்துச் சபையில் நடந்தது முழுக்க முழுக்கத் திறமை ஆட்டம்; அதனாலேயே அது கொடுமையாக முடிந்தது. திருக்குறளில் சூது 94-ஆம் அதிகாரம். கள்ளுண்ணாமைக்கு அடுத்து, பொருட்பாலில் வருகிறது. வெல்கிறவனையும் சேர்த்தே வள்ளுவர் எச்சரிக்கிறார். காய்களையும் ஆடும் களத்தையும் மட்டுமல்ல, ஆடுவதற்கான கைத்தொழிலையும் விடாமல் பிடித்துக்கொண்டவர்கள் இல்லாதவர்களாகிப் போன கதையைச் சொல்கிறார். பரிமேலழகர் உரையும் அப்படியே பொருள் கொள்கிறது. கைத்திறன் அவர் பார்வையில் அழிவின் ஒரு கருவி.

இதை உணராமலா மக்கள் கட்டுகிறார்கள்? 1968-இல் ராபர்ட் நாக்ஸ், ஜேம்ஸ் இங்க்ஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் கனடாவின் வான்கூவர் பந்தய மைதானத்தில் 141 பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: உங்கள் குதிரை ஜெயிக்கும் வாய்ப்பு எவ்வளவு? ஒன்று முதல் ஏழு வரை மதிப்பிட வேண்டும். இரண்டு டாலர் கட்டுவதற்கு வரிசையில் நின்றவர்களின் சராசரி 3.48. கட்டிவிட்டு அரை நிமிடத்துக்குள் நகர்ந்தவர்களின் சராசரி 4.81. இடையில் குதிரை மாறவில்லை, தகவல் எதுவும் வரவில்லை. பணம் கை மாறியதுதான் மாற்றம். முடிவு எடுத்த பிறகுதான் அந்த முடிவுக்கான நம்பிக்கை பிறக்கிறது.

தோற்ற பிறகு என்ன ஆகிறது என்பதைத் தாமஸ் கிலோவிச் 1983-இல் ஆராய்ந்தார். அமெரிக்கக் கால்பந்து ஆட்டங்களின் மேல் பந்தயம் கட்டியவர்கள் வெற்றியை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். தோல்வியைத்தான் நெடுநேரம் அலசினார்கள், ஏதோ ஒரு தற்செயலால் கைநழுவிய வெற்றியாக அதை மாற்றிக்கொண்டார்கள். கிண்டியிலிருந்து மின்சார ரயிலில் திரும்புகிறவர்களின் பேச்சைக் கேட்டவர்களுக்கு இது புதிதல்ல. "ஜாக்கி இழுத்துப் பிடிச்சிட்டான்." "ஷார்ட் ஹெட்ல போச்சு, கண்ணு முன்னாடி." "நேத்து மழை பெஞ்சு தரை மெத்துனு ஆயிடுச்சு, இல்லன்னா நம்ம குதிரதான்." ஒவ்வொன்றும் நம்பக்கூடிய காரணம். எதுவுமே, நான் கட்டியிருக்கக் கூடாது என்பதில் போய் முடிவதில்லை.

ஜோனதன் ஹைட் என்ற அமெரிக்க உளவியலாளர் 2001-இல் இதைப் பொதுவாக்கினார். சரி, தவறு என்ற தீர்ப்பு மனத்தில் முதலில் சட்டென்று விழுகிறது. காரணங்கள் பின்னால் வந்து அதற்காக வாதாடுகின்றன என்பது அவர் கருத்து. மைதானத்தில் நிற்பவருக்கு இது பொருந்துகிறது. 1974-க்கும் 1986-க்கும் இடையே காரணத்தை மாற்றிக்கொண்ட அரசுகளுக்கும் பொருந்துகிறது. ஆனால் ஹைட்டோடு முழுக்க ஒத்துப்போக என்னால் முடியவில்லை. பின்னால் வந்ததாலேயே ஒரு காரணம் வெறும் சாக்கு ஆகிவிடாது. பொது இடத்தில் ஒருவர் காரணம் ஒன்றைச் சொல்லிவிட்டால், அது அவருக்கு மட்டும் சொந்தமில்லை. அடுத்தவர் அதை எடுத்துக்கொள்ளலாம், வேறு இடத்தில் வைத்துக் கேட்கலாம், சொன்னவரையே அதைக் கொண்டு மடக்கலாம். ஆகவே ஒரு நியாயத்தை எடைபோட அது எங்கிருந்து வந்தது என்று பார்ப்பதைவிட, அது எங்கெல்லாம் போக வேண்டியிருக்கும் என்று பார்ப்பதே மேல்.

திறமை என்ற நியாயம் போன இடம் கைபேசி. 2020 நவம்பரில் அ.தி.மு.க. அரசு ஆன்லைன் ரம்மியை அவசரச் சட்டத்தால் தடை செய்தது; 2021-இல் அது சட்டமானது. 2021 ஆகஸ்ட் 3 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. திறமை ஆட்டத்தைச் சூதாட்டம் என்று சொல்லித் தடுக்க முடியாது என்பது அடிப்படை. 1967-இன் ரம்மியும் 1996-இன் குதிரைகளும் அங்கே சாட்சிக்கு நின்றன. அடுத்து தி.மு.க. அரசு ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்து, 2022 அக்டோபரில் புதிய மசோதாவை நிறைவேற்றியது. அது ஒப்புதலுக்குப் போன இடமும் கிண்டிதான். ஆளுநர் மாளிகை பந்தய மைதானத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. 2023 மார்ச்சில் ஆளுநர் ஆர்.என். ரவி அதைத் திருப்பி அனுப்பினார். இப்படிச் சட்டம் இயற்ற மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்பது காரணம். பேரவை மறுபடி நிறைவேற்றியது. ஏப்ரலில் ஒப்புதல் வந்தது. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சட்டத்தை ஏற்றாலும், ரம்மிக்கும் போக்கருக்கும் அந்தத் தடை செல்லாது என்றது. மறுபடியும் திறமை.

மைதானத்தில் பந்தயம் நடக்கும் நாள் உண்டு, வாசல் உண்டு, கடைசி ரேஸ் முடிந்தால் வீட்டுக்குப் போயாக வேண்டும். கைபேசியில் நாளும் இல்லை, வாசலும் இல்லை. பெண்டாட்டி தூங்கும்போது பக்கத்தில் படுத்தபடியே பிள்ளையின் பள்ளிக் கட்டணத்தைத் தோற்கலாம். கடன் தரும் செயலியும் அதே கைபேசியில்தான் இருக்கிறது. ஆன்லைன் சூதில் பணத்தை இழந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தமிழ்நாட்டு நாளிதழ்களில் அடுத்தடுத்து வந்த ஆண்டுகள் அவை. 1996-இல் தீர்ப்பு எழுதியவர்கள் குதிரைகளைப் பற்றித்தான் எழுதினார்கள். ஆனால் நியாயத்துக்குச் சுவர் எழுப்ப முடியாது. திறமை இருந்தால் தீமையில்லை என்று ஒருமுறை சொல்லிவிட்டால், அதைப் பயன்படுத்த விரும்புகிற எவருக்கும் அது கிடைத்துவிடுகிறது.

கேட்டிருக்க வேண்டிய கேள்வியைப் பாஞ்சாலி கேட்டாள். தன்னை இழுத்துப் போக வந்த தேர்ப்பாகனிடம், என் கணவர் முதலில் தோற்றது தன்னையா, என்னையா என்று கேட்டுவரச் சொன்னாள். ஆட்டம் நேர்மையாக நடந்ததா, சகுனி காயைச் சரியாகப் போட்டானா என்பது அவள் வழக்கல்ல. பணயம் வைத்தவருக்கு அதை வைக்கும் உரிமை இருந்ததா என்பதே வழக்கு. பீஷ்மர் தருமம் நுட்பமானது என்று சொல்லி நழுவினார். துரியோதனனின் தம்பிகளில் விகர்ணன் ஒருவன்தான் எழுந்தான். சூதில் மூழ்கியவன் செய்வது செய்கையாகாது, தன்னை இழந்தவன் மனைவியை வைக்க முடியாது, அவள் ஐவருக்கும் உரியவள் என்று காரணங்களை அடுக்கினான். கர்ணன் அவனைச் சிறுபிள்ளை என்று அடக்கினான். வட தமிழ்நாட்டில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் இந்தச் சபை இன்றும் கூத்தாக எழுகிறது; பார்க்க வரும் பெண்களில் எத்தனையோ பேருக்கு அந்தக் கேள்வி தங்கள் வீட்டு அடகுச் சீட்டைப் பற்றியதும்கூட.

சூதில் போவது பெரும்பாலும் ஆடுகிறவரின் பணம் மட்டுமல்ல. கேட்காமல் எடுக்கப்பட்ட நகை, பி.எஃப். முன்பணம், மகளின் பெயரில் போட்ட சேமிப்பு. திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வி இந்தச் சொந்தக்காரர்களை வழக்கிலேயே சேர்ப்பதில்லை. வயது வந்தவர் தன் பணத்தை என்ன செய்தாலும் அரசுக்கு என்ன என்று கேட்கிறவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். அதை அவருடைய சொந்தப் பணம் வரைக்கும் மதிக்கிறேன். பந்தயத்தை நம்பிப் பிழைக்கும் குதிரைக்காரர்கள், லாடம் அடிப்பவர்கள், பயிற்சிப் பையன்கள் இருக்கிறார்கள்; ஒழிப்பதாகச் சொல்கிற எந்த அரசும் அவர்களுக்கு முதலில் பதில் சொல்ல வேண்டும்.

அரசும் இந்தச் சபையில் உட்கார்ந்திருந்த கட்சிதான். 1968-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு அரசே லாட்டரிச் சீட்டு விற்கத் தொடங்கியது. விழுந்த பரிசு வீட்டுக்கு, விழாத பணம் நாட்டுக்கு என்பதாக அதற்கு நியாயம் சொல்லப்பட்டது. லாட்டரியில் திறமை துளியும் கிடையாது. ஆக, திறமை இல்லாததாலேயே ஒன்று தவறாகிவிடும் என்று அரசும் நினைக்கவில்லை. நல்ல காரியத்துக்குப் போனால் போதும் என்று நினைத்தது. 2003 ஜனவரியில் ஜெயலலிதா அரசு லாட்டரியை ஒழித்தது. ஏழைகளின் கூலி அதில் கரைகிறது என்ற அந்தக் காரணம் சரியானது. அதே ஆண்டின் பிற்பகுதியில் மதுச் சில்லறை விற்பனையை டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. கூலியைக் காப்பாற்ற வேண்டும் என்ற நியாயம் லாட்டரிக் கடையிலிருந்து மதுக்கடை வரைக்கும்கூடக் கூட்டிச் செல்லப்படவில்லை.

கடைசியில் திறமை என்ற பாகுபாட்டை நாடாளுமன்றமே கைவிட்டது. 2025 ஆகஸ்டில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம், பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எதுவானாலும், திறமை ஆட்டமோ அதிர்ஷ்ட ஆட்டமோ, தடை என்றது. வரித்துறை அதற்கும் முன்பே அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இருந்தது: 2023 அக்டோபர் 1 முதல் கேசினோ, குதிரைப் பந்தயம், ஆன்லைன் ஆட்டம் மூன்றுக்கும் கட்டும் முழுத் தொகையின் மேல் 28 சதவீத ஜி.எஸ்.டி. விதிக்கப்பட்டது.

கிண்டி மைதானத்துக்கு இதற்கிடையில் வேறொரு காரணம் வந்து சேர்ந்திருந்தது. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் 730.86 கோடி ரூபாய் வாடகைப் பாக்கியைக் கட்டும்படி கிளப்புக்கு உத்தரவிட்டது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து வளாகத்துக்குச் சீல் வைத்தது. கிளப் வழக்குத் தொடுத்தது. பெரும்பகுதி நிலத்தில் பூங்கா அமைக்கவும், வெள்ளநீரைத் தேக்கக் குளங்கள் வெட்டவும் அரசு திட்டமிட்டது. 2015-இல் வேளச்சேரியும் சைதாப்பேட்டையும் மூழ்கியதைப் பார்த்த எவருக்கும் குளம் வேண்டும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. சூது தவறு என்ற 1974-இன் பேச்சு இதில் எங்கும் இல்லை. பொது நிலம் பொதுவுக்கு, அற்ப வாடகைக்குச் சிலருக்கு அல்ல என்பதே இப்போதைய நியாயம்.

இது திறமை வாதத்தைவிட நேரானது என்று கருதுகிறேன். ஆனால் இதுவும் பயணம் போக வேண்டிய நியாயம்தான். அதே மைதானத்தின் நடுவே ஜிம்கானா கிளப்பின் கோல்ஃப் திடல் இருந்தது. நகரத்தின் நடுவே பழைய குத்தகைகளில், பழைய வாடகையில், உறுப்பினர்களுக்கு மட்டும் திறக்கும் வாசல்களோடு அரசு நிலங்கள் இன்னும் இருக்கின்றன. கிண்டியில் சொல்லப்பட்ட காரணம் கிண்டிக்கு மட்டும் உரியதல்ல என்றால், எந்தெந்த நிலம், யாருக்கு, என்ன வாடகைக்கு, எந்த ஆண்டு வரைக்கும் என்ற பட்டியலை வருவாய்த்துறை பொதுமக்கள் முன் வைக்கலாம். அது அரசின் பதிவேடுகளிலேயே இருக்கிறது.